நாற்பதடி தள்ளிப் பார்க்க வேண்டிய முகம்

போட்டோக்காரர் சங்கத்துத் தம்பிமார் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். சின்னப் படத்தைப் பெரிய பிளக்ஸில் உடையாமல் அடிப்பது எப்படி என்று எழுத வேண்டுமாம். இப்போது நீங்கள் வைத்திருக்கிற செல்போனில் எடுத்தாலே பஸ் ஸ்டாண்டை மூடுகிற அளவுக்குப் படம் அடிக்கலாமே, இது எதற்கு என்று கேட்டேன். "வாட்ஸாப்ல வந்த படத்தைக் காட்டிப் பத்தடி கேக்காவ அண்ணாச்சி" என்றார்கள். சரிதான், ஊர் அப்படியேதான் இருக்கிறது. எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் ஆறு என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சாபீசில் தாள் அடுக்கினேன். பிறகு ஸ்டூடியோ இருட்டறையில் பதினெட்டு வருடம் படம் கழுவினேன். கோவில்பட்டியில் கம்ப்யூட்டரை வைத்து மாப்பிள்ளை முகத்தில் பரு எடுத்த முதல் ஆள் நான்தான். இதை மறுக்கிறவர்கள் நேரில் வரலாம். பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் டிஜிட்டல் கேமரா நம் பக்கம் பரவியது. கூடவே பிளக்ஸும் வந்தது. பிளக்ஸ் மெஷின் அப்போது மதுரையில்தான் இருந்தது. தொழில் படிக்க அங்கே போய் எட்டு மாதம் இருந்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. எனக்கு மேலே இருந்த நிர்மலா மேடத்துக்கு இருபத்துநான்கு.

அந்தப் பெண்ணின் தோரணையைச் சொல்ல வேண்டும். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. ஒரு வாடிக்கையாளர் வந்து, "என்னம்மா, எங்க மாமா முகம் புள்ளி புள்ளியா இருக்கு" என்று பிளக்ஸில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்துவார். மேடம் "ஒரு நிமிசம் வாங்கண்ணே" என்று முன்னால் நின்றுகொண்டு, அவரை ஓரடி ஓரடியாகப் பின்னால் நடத்தும்.

"இப்பப் புள்ளி தெரியுதாண்ணே?"

"தெரியுது."

"இன்னும் கொஞ்சம் போங்க. இப்ப?"

"லேசாத் தெரியுது."

"வாசப்படி இருக்கு, பாத்து. இப்ப?"

அவர் தெருவுக்கே போயிருப்பார். அங்கிருந்து, "அட, மாமா ஜம்முனு இருக்காரே!" என்று சத்தம் வரும். மேடம் பில்லைக் கொடுத்துவிடும். எட்டு மாதத்தில் எத்தனையோ பேரை அப்படி நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கூடத் திரும்பி உள்ளே வந்து சண்டை போட்டதில்லை. ஒருவர் மட்டும் சைக்கிளில் மோதினார்.

பெரிய படத்தின் முதல் பாடம் அது. எவ்வளவு பெரிசு என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டும். கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற பிளக்ஸுக்கு நாற்பது போதும். அடம்பிடித்தால் இருபதிலும் சமாளிக்கலாம்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கேமராவின் கார்டையே வாங்குங்கள். பிரிண்டைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் பிரிண்ட் போட்டதும் கார்டை அழித்துவிட்டு, "நெகட்டிவ் உம்மகிட்டதானே இருக்கும்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒருவர், நெகட்டிவ் கவரைப் பில்லோடு சேர்த்துப் பின் அடிக்கிற பழக்கத்தில், சி.டி.யைப் பில்லோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்தார். அப்புறம், ஜேபெக் படத்தைத் திறந்து திறந்து அதன் மேலேயே சேமிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்துவிடும். ஒரே தாவலாகப் பெரிதாக்காமல் நூற்றுக்குப் பத்து, பத்தாகக் கூட்டிக்கொண்டே போங்கள். இப்போதைய சாப்ட்வேருக்கு அது தேவையில்லை என்று என் பேரனே சிரிக்கிறான். சிரிக்கட்டும். கூர்மை ஏற்றுவதைக் கடைசி அளவுக்கு வந்த பிறகே செய்ய வேண்டும். பெரிதாக்கிய முகம் பிளாஸ்டிக் குடம் மாதிரி வழவழப்பாகிவிடும். அதன் மேல் லேசாக மணல் தூவின மாதிரி ஒரு பொடிப்புள்ளி போட்டால் தோலாகிவிடும்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. கேமரா எடுக்காததை எவராலும் பெரிதாக்க முடியாது. "இல்லாததை உண்டாக்க போட்டோஷாப் என்ன சாமியாண்ணே?" என்று மேடம் கேட்கும். நான் அந்த ஒரு விஷயத்தில்தான் மேடத்தை மிஞ்சினேன். அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

மதுரையிலிருந்து திரும்பி, ஊரில் சொந்தக் கடை போட்டு ஒரு வருடம் இருக்கும். படத்தை நான் தயார் செய்து, மதுரைக்குக் கொண்டுபோய் அடித்து வருவேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அருணாசலம் அண்ணாச்சி வந்தார். ஊரில் பெரிய தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலை, அவருடையது. தலையில் துண்டைச் சுற்றி, வாயையும் மூடியிருந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அச்சாபீசிலிருந்து லேபிள் வந்தால் ஒன்றை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் கட்டைத் திருப்பி அனுப்புகிற ஆள். நான் அச்சாபீசில் தாள் அடுக்கிய காலத்திலேயே அந்த லென்ஸுக்கு நடுங்கியவன்.

"வே செல்லையா, கடையில வேற ஆளு இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"ஷட்டரைப் பாதி எறக்கும்."

இறக்கினேன்.

"ஒரு பிளக்ஸ் வேணும். பத்துக்கு எட்டு."

"போட்டுருவோம். என்ன விசேசம்?"

"கண்ணீர் அஞ்சலி."

"அடப்பாவமே! யாரு அண்ணாச்சி தவறினது?"

"நான்தான்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை மதுரையில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேசன். வீட்டில் சின்னதாக ஏதோ அடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறார். டாக்டர் அவரிடம் தனியாகச் சொன்னது வேறு.

"பாதிக்குப் பாதிங்கான் வே. பொழச்சா பொழப்பு. போனா... எங்க சகலை பிளக்ஸைப் பாத்தீருல்லா?"

பார்க்காமலா? அவருடைய சகலை போன மாதம்தான் காலமானார். வீட்டில் வேறு படம் இல்லாமல், வாக்காளர் அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை எடுத்து எவனோ ஒருவன் எட்டடிக்கு இழுத்துவிட்டான். மூக்குக்கும் வாய்க்கும் வரப்பு இல்லை. ஒரு கண்ணின் மேல் சர்க்கார் சீல். மூன்று நாள் மெயின் ரோட்டில் நின்றது. கீழே பெயர் எழுதியிருந்தும் ஜனங்கள், "யாருப்பா செத்தது?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

"ரெண்டு வீடு கட்டின மனுசன். கடைசியில முகம் இல்லாமப் போனான். நான் போனா போயிட்டுப் போறேன் செல்லையா. ஆனா அப்படிப் போக மாட்டேன். எழவு வீட்டுல எவன் எதைக் குடுத்து அடிப்பானோ தெரியாது. நீரு இப்பமே அடியும். நான் கண்ணால பாத்துட்டுத்தான் வியாழக்கெழம சாயந்தரம் மதுரைக்குக் கெளம்புவேன்."

"இதுக்கென்ன அண்ணாச்சி, நம்மகிட்ட நாலு மெகாபிக்சல் கேமரா இருக்கு. இப்படி உக்காருங்க, ஒரே கிளிக்..."

அவர் துண்டை அவிழ்த்தார். வழுவழு மொட்டை. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. கோவில்பட்டியில் அந்த மீசையைத் தெரியாதவர்கள் இல்லை. அது போய், யாரோ ஒருவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"கழுகுமலை முருகனுக்கு நேந்துக்கிட்டேன். நேத்துக் குடுத்துட்டேன்."

"அதுக்கு முந்தி எங்கிட்ட வந்திருக்கப்படாதா?"

"முருகன் முக்கியமா, நீரு முக்கியமா வே?"

பழைய படம் கேட்டேன். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கப்புறம் கேமரா முன்னால் நிற்காதவராம். வாக்காளர் அட்டையை விட்டால் ஒரே ஒரு படம் உண்டு. மகளின் புதுவீட்டுப் பால்காய்ப்பில் மருமகன் டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. கார்டை நீட்டினார்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததும் எனக்கே அடைப்பு வரும்போல் ஆகிவிட்டது. அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது. கேமராவில் இருக்கிற ஆகச் சின்ன அளவு. காசு கொடுத்து வாங்கின கார்டு, அதில் எத்தனை படம் கொள்ளுமோ அத்தனையும் திணிக்க வேண்டாமா? சின்ன அளவில் வைத்தால் நானூறு படம் பிடிக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நானூறில் இருநூறு, சமையல்காரர் அண்டாவைக் கிண்டுவது. அண்ணாச்சி ஒரே ஒரு படத்தில், நாலு பேருக்கு நடுவில், இடது பக்கத்து வெயிலில் நின்று சிரிக்கிறார். முகம் மொத்தமும் தொண்ணூறு புள்ளி அகலம். அதை நாலடி அகலத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் புளியங்கொட்டை அளவுக்கு வரும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மொட்டைத் தலையோடு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லேபிள் பார்க்கிற பார்வை இல்லை அது.

"அண்ணாச்சி, உங்க கண்ணாடியைக் கழத்திக் குடுங்க. வியாழக்கெழம காலையில தாரேன்" என்றேன்.

"கண்ணாடி இல்லாம நான் எப்படி வே வீட்டுக்குப் போவேன்?"

"ஆட்டோவுல போங்க."

தம்பிமாரே, கவனமாகப் படியுங்கள். முகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டி, கட்டம் தெரியாமல் மழுப்பினேன். பனிமூட்டத்துக்குள் நிற்கிற ஆள் மாதிரி இருந்தார். பனிமூட்டத்தில் ஒருவரை எப்படி அடையாளம் காண்கிறோம்? கண்ணாடி, மீசை, புருவம், சட்டைக்காலர். இந்த நாலும் கூர்மையாக இருந்தால் கன்னத்தை எவனும் கேட்க மாட்டான். அவர் கண்ணாடியை அதே கோணத்தில், அதே இடது பக்க வெயிலில் வைத்து என் கேமராவில் எடுத்தேன். ஃப்ரேமில் இருந்த கீறல் வரைக்கும் விழுந்தது. அதை அவர் முகத்தில் மாட்டினேன். கண் பாதி மறைந்துவிட்டது. வெள்ளைச்சட்டைக் காலர் ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்தேன்.

மிஞ்சியது மீசை. மருமகன் படத்தில் அது மூக்குக்குக் கீழே கரி பூசின மாதிரி ஒரு தடம். அண்ணாச்சி மீசைக்கு இணையாக ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று. அது என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன். அதே தடிப்பு, அதே நரை, நுனியில் அதே முறுக்கு. கடை வாசலில் வெயில் இடது பக்கமாக விழுகிற நேரம் பார்த்து நின்று, கேமராவை ஸ்டூல் மேல் வைத்து, என் மீசையை நானே எடுத்தேன். புருவத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பொருத்தி, மேலே பொடிப்புள்ளி தூவினேன். மீசை மேல் மட்டும் தூவவில்லை. அதற்குக் காரணம் பிறகு வரும்.

கீழே இரண்டடியை எழுத்துக்காகக் காலியாக விட்டு, புதன்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறினேன். நிர்மலா மேடம் மெஷினிலிருந்து இறங்குகிற படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"அண்ணே, இது யாரு மீசை?"

"அவியளுதுதான் மேடம்."

மேடம் தானே பின்னால் நடக்க ஆரம்பித்தது. ஓரடி, இரண்டடி. வாசல் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்ட் தாண்டி நின்றது.

"சரிண்ணே. முப்பத்தஞ்சு அடிக்கு அப்புறம் இது அவரு மீசைதான்" என்றது. எட்டு மாதத்தில் வராத பாராட்டு.

வியாழக்கிழமை காலை படத்தை அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டும். ஊருக்குள் விரித்தால் அவர் வீட்டம்மாவுக்குத் தெரிந்துவிடும். எட்டயபுரம் ரோட்டில் என் மச்சினன் பருத்திக்காடு இருக்கிறது. முந்தின நாள் நல்ல மழை. காட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பனைக்கு நடுவே கயிறு கட்டிப் படத்தை ஏற்றினேன். நான் அந்த இடத்தைப் பிடித்ததில் ஒரு கணக்கு இருந்தது. மழை குடித்த கரிசலில் கால் வைத்தால் நாலாவது எட்டில் செருப்பு மண்ணுக்குச் சொந்தம். அண்ணாச்சி ரோட்டோரத்தில்தான் நின்றாக வேண்டும். அங்கிருந்து படம் சரியாக நாற்பதடி. மேடம் ஆட்களைப் பின்னால் நடத்தித்தான் ஜெயித்தது. முன்னால் நடக்கவே விடாமல் ஜெயித்தவன் நான்.

அண்ணாச்சி ஆட்டோவில் இறங்கினார். கண்ணாடியைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

பனைமர உயரத்துக்கு அவரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார். பிறகு, "நான் இப்படியா வே இருந்தேன்?" என்றார்.

"இப்படித்தான் இருக்கீய."

மெதுவாகச் சட்டைப்பைக்குள் கை போனது. லென்ஸ்!

"அண்ணாச்சி, வேண்டாம். சேறு. நாளைக்கு ஆப்பரேசன்..."

"லேபிள் பாக்காம நான் எந்தக் கட்டையும் எறக்கினது இல்ல."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஒவ்வொரு எட்டுக்கும் காலில் ஒரு படி மண் ஏறியது. நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நான் பின்னாலேயே, அவர் விழுந்தால் பிடிக்கலாம் என்று கையை விரித்துக்கொண்டு போனேன். பிளக்ஸ் பார்க்கப் போய் இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால் எழுத்தை மட்டும் ஒட்டினால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. என்னை நானே திட்டிக்கொண்டேன்.

படத்துக்கு முன்னால் போய் நின்றார். லென்ஸை நேராக எங்கே கொண்டுபோனார் தெரியுமா? மீசைக்கு! எனக்குத் தெரியும். மீசைக்காரன் மீசையைத்தான் முதலில் பார்ப்பான். அதனால்தான் அதில் மணல் தூவாமல் சுத்தமாக விட்டது.

"முடி முடியாத் தெரியுதே வே!"

"தொழில் அண்ணாச்சி."

லென்ஸ் மேலே போனது. "கன்னம் கொஞ்சம் மேகமாட்டம் இருக்கு."

"கன்னத்தைக் கிட்டத்துல பாக்குறதுக்கு உங்க வீட்டு ஆச்சிக்கு மட்டுந்தான் உரிமை."

சிரித்தார். லென்ஸைப் பைக்குள் போட்டார். "சுருட்டி வையும். செய்தி வந்தா எழுத்தை ஒட்டிரும்" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்தபடி ரோட்டுக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை நான் வேலை செய்யவில்லை. கடை மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பிளக்ஸ், யாரோ வந்து நிற்கிற மாதிரியே இருந்தது. போன் அடித்தபோதெல்லாம் அந்தச் செய்தியோ என்று ஓடிப்போய் எடுத்தேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, காதுகுத்து. மறுநாளும் செய்தி இல்லை. பத்து நாள் கழித்து ஒரு போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வே, அந்தப் படத்துல எழுத்தை மாத்தும்."

"அண்ணாச்சி! என்ன எழுதட்டும்?"

"நலமுடன் திரும்பும் எங்கள் முதலாளியை வருக வருகன்னு எழுதும். நான் சொன்னேன்னு சொல்லாதியும்."

அவர் ஊர் திரும்பிய அன்று தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் பிளக்ஸ் நின்றது. வேலையாட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். காரிலிருந்து அண்ணாச்சி இறங்கினார். பாதி ஆளாகியிருந்தார். மொட்டையில் அப்போதுதான் முடி எட்டிப் பார்த்தது, மீசை இருந்த இடத்தில் முள் முளைத்திருந்தது. கூட்டம் படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. யாரும் கைதட்டவில்லை. நான் பெருமையாகப் படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே தொழில் தப்பு அதுதான்.

பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற மாரியம்மா முன்வரிசையில் நின்றாள். நாள் முழுக்க லேபிளும் லேபிளும் சேர்கிறதா என்று பார்க்கிற கண் அவளுக்கு.

"ஏட்டி, இங்கன பாரு" என்று பக்கத்துக்காரியை இடித்தாள். "மூக்கு வரைக்கும் மொதலாளி. அதுக்குக் கீழ படக்கடை அண்ணாச்சில்லா!"

கூட்டம் ஒரே சிரிப்பு. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. காரைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். என் மீசையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் என் மீசை.

"உம்மதா?"

"...புருவமும் அண்ணாச்சி."

எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். வேப்பமரத்தடி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன்.

"மயக்க ஊசி போட்டப்ப எனக்குப் பொண்டாட்டி பிள்ள ஞாபகம் வரல வே. பனைமரத்துக்கு நடுவுல நின்னானே, அவன்தான் வந்தான். அவ்வளவு பெரிய ஆளு, முடி முடியா நிக்கான், அவனுக்கு என்ன ஆயிரும்னு நெனச்சேன். பயம் போயிருச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதுல பாதி நீருன்னு இப்பல்லா தெரியுது."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"மன்னிக்க என்ன இருக்கு? பொழச்சிட்டம்லா?" என்று சொன்னவருக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "யோவ், சிரிக்க வைக்காதியும், தையல் பிரிஞ்சிரும்." ஒரு வழியாக அடக்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. ஊரே பாத்துட்டு. அந்தப் படத்துல இருக்கது நான்தான்னு ஆகணும்னா, அந்த மீசை ஊர்ல ஒரு ஆளுகிட்டதான் இருக்கணும். எனக்கு வளர ஆறு மாசம் ஆகும்."

"அதுக்கு?"

"உம்மத எடுத்துரும்."

இருபது வருடம் வளர்த்தது. என் கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் சம்மதித்ததே அதைப் பார்த்துத்தான் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். உயிரோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தார்.

எதிர்த்த சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன். கத்தி இரண்டு இழுப்பு இழுத்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் அண்ணாச்சி பின்னாலேயே வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் நிக்குது, பாரும்" என்றார்.